பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுழி

குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. கம்ப்யூட்டரை இப்போதுதான் தொட்டுப் பார்க்கிறவர்களுக்காக ஒரு மாதப் பத்திரிகை வருகிறது. அதில் மலிவு விலை மென்பொருள்களைச் சோதித்து மதிப்பெண் போடும் பக்கம் என்னுடையது. பத்துக்கு ஏழைத் தாண்டி நான் எதற்கும் போட்டதில்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், "உன்கிட்ட ஏழு வாங்குறதும் கல்லுல நார் உரிக்கிறதும் ஒண்ணு" என்பார். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

படம் திருத்தும் மென்பொருள் வந்தால் எனக்கென்று ஒரு முறை உண்டு. நானே உட்கார்ந்து சோதிக்க மாட்டேன். பழகிய கைக்கு எந்தக் கருவியும் வளைந்துகொடுக்கும். அதைப் பார்த்துப் புதியவர்களுக்கு என்ன ஆகப்போகிறது? இதுவரை ஒரு படத்தைக்கூடத் திருத்தியிராத வாசகர்கள் மூன்று பேரைப் பிடிப்பேன். ஒரே ஒரு நிபந்தனை: படம் உங்கள் சொந்தப் படமாக இருக்க வேண்டும், அதிலிருந்து ஏதாவது ஒன்றை நீங்கள் நிஜமாகவே நீக்க ஆசைப்பட வேண்டும். நான் கொடுக்கும் படம் என்றால் ஏனோதானோ என்று தேய்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். தனக்கு வேண்டாததை நீக்கும்போதுதான் ஆளுக்குப் பொறுமை வருகிறது. திருத்துவதற்கு முன்பு, பின்பு என்று இரண்டு படங்களையும் அனுப்பச் சொல்வேன்.

இந்த முறை வந்த மென்பொருளின் பெயர் 'பளிச்'. ஒரு ஜோடிச் செருப்பின் விலைகூட இல்லை. அதற்கு மூன்று பேர் கிடைத்தார்கள். ஒரு தையல்காரம்மா, தன் கடைப் பலகையின் குறுக்கே தொங்கும் மின்கம்பியை எடுக்க வேண்டும் என்றார். ஓய்வு பெற்ற ஒரு பஸ் கண்டக்டர், குடும்பப் படத்திலிருந்து மச்சானை எடுக்க வேண்டும் என்றார். காரணம் கேட்டேன். "அவன் மூஞ்சியப் பாத்தா சோறு இறங்க மாட்டேங்குது" என்று எழுதியிருந்தார்.

மூன்றாமவர் பெயரே போடவில்லை. 'உங்கள் வாசகன்' என்று மட்டும் எழுதியிருந்தார். அவர் அனுப்பியது ஒரு கதவின் படம். அறைக்குள்ளிருந்து எடுத்தது. நல்ல பழுப்பு மரம், மெருகு போட்டது. பூட்டுக்குச் சற்று மேலே, ஒரு தாழ்ப்பாளைக் கழற்றிய இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள். அதைச் சுற்றிலும் நிறையக் கீறல்கள். வாடகைக்கு விடுகிற அறை, நாய் பிறாண்டிவிட்டது, பழைய தாழ்ப்பாளை மாற்றப்போகிறேன், அதுவரை ஆட்களுக்குக் காட்ட ஒரு நல்ல படம் வேண்டும் என்று எழுதியிருந்தார். சரிதான் என்று நினைத்தேன். அவருக்குக் கதவுக்காரர் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

அவரைப் போல ஒரு மாணவன் எனக்கு வாய்த்ததில்லை. முதல் முயற்சியில் கதவு முழுக்கப் பற்பசையை அப்பியது போல இருந்தது. 'பக்கத்திலிருந்து நகலெடுத்துப் பூசாதீர்கள். கதவின் மேல்பகுதியில் மரவரி நேராக ஓடுகிறது, அங்கிருந்து எடுங்கள். சின்னச் சின்னதாக எடுங்கள்' என்று எழுதினேன். சொன்னதைச் சொன்னபடி செய்தார். மறுபடி அனுப்பினார். மறுபடி திருத்தினேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. 'நன்றி மேடம், இப்போது எப்படி இருக்கிறது?' என்றுதான் ஒவ்வொரு தடவையும் முடிப்பார். கடைசியாக வந்த படத்தில் ஓட்டையும் இல்லை, கீறலும் இல்லை. மூன்று பேரில் அவருடையதுதான் முதல் தரம். அச்சில் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் மேடம், வாடகைக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டால் சங்கடம் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

பளிச்சுக்கு ஆறரை போட்டேன். குறைகளைப் பட்டியலிட்ட இடத்தில், 'படத்தைத் திறந்தாலே நிழலான பகுதிகளில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் விழுகின்றன' என்று ஒரு வரி எழுதினேன். கதவுக்காரரின் முதல் படத்தில் அப்படி இரண்டு மூன்று புள்ளிகள் இருந்தன. பத்திரிகை அச்சாகி வந்தது. அத்தோடு அவரை மறந்துபோனேன்.

என் நாத்தனாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் தங்கை, நர்ஸ். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியை மூடிவிட்டதால் எங்களோடு வந்து தங்கியிருந்தாள். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே அறை. ஒன்றில் நாங்கள். இன்னொன்றில் என் கம்ப்யூட்டர் மேசை, பிரிண்டர், பழைய பத்திரிகைக் கட்டுகள், மிச்சமிருந்த இடத்தில் அவளுடைய மடக்குக் கட்டில். நான் தட்டச்சு செய்யும் சத்தத்தில் அவள் தூங்குவாள். அவள் குறட்டைச் சத்தத்தில் நான் எழுதுவேன். ஹாஸ்டல், ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸ், அண்ணன் வீடு என்றே முப்பத்து மூன்று வயது ஓடிவிட்டது. தனக்கென்று ஒரு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததே இல்லை என்று ஒருநாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

அவளுக்கு வேலை கிடைத்தது எங்கள் பத்திரிகையின் கடைசிப் பக்கத்திலிருந்து. என் பக்கத்தை அவள் ஒருநாளும் படித்ததில்லை. வரி விளம்பரங்களை மட்டும் ஒன்று விடாமல் படிப்பாள். மூச்சுத் திணறல் உள்ள வயதான அம்மாவைக் கவனித்துக்கொள்ள நர்ஸ் தேவை, வீட்டோடு தங்க வேண்டும், தனி அறை உண்டு. பேசினாள். அந்த மகன் தங்கமான மனிதராம். சம்பளமும் ஆஸ்பத்திரியைவிட அதிகம்.

"வீடு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"ஊருக்கு வெளியில அண்ணி. வழி குழப்புமாம். திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கே கார் அனுப்புறாராம்."

"அட்ரஸ் கூடவா சொல்லல?"

"போனா தெரிஞ்சுடப் போகுது. அங்க சிக்னல் சரியா கிடைக்காது, வாரம் ஒருதடவை வெளிய வந்து பேசிக்கலாம்னு சொன்னார்."

"அது எப்படி இந்தக் காலத்துல சிக்னல் இல்லாம இருக்கும்?"

"ஆரம்பிச்சாச்சா? சரி, எத்தன மார்க்கு போடுறீங்க, மூணா நாலா?"

வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். அவள் இதற்கு முன் பார்த்த மூன்று வேலைகளுக்கும் நான் ஏதாவது ஒரு நொட்டை சொல்லித்தான் இருந்தேன். ஒன்றில் பஸ் வசதி இல்லை, ஒன்றில் டாக்டரின் பேச்சு சரியில்லை, ஒன்றில் கழிப்பறை சுத்தமில்லை. அதனால் நான்காவதாக நான் வாயைத் திறந்தபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கே, பழக்கதோஷத்தில் பேசுகிறோமோ என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் மேசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் போன் டிங் என்றது.

"ரூம் போட்டோ அனுப்பியிருக்கார் அண்ணி" என்று ஓடிவந்தாள். "பாருங்களேன்."

ஒரு கட்டில், வெள்ளை விரிப்பு. ஒரு ஜன்னல், திரை போட்டது. ஒரு அலமாரி. நான்காவது படம் கதவு.

பழுப்பு மரம், மெருகு போட்டது. மேல்பலகையில், கிளை இருந்த இடத்தில் விழுமே கருவட்டம், அப்படி ஒரு சுழி. கண் போல நீளமாக, இடது பக்கம் சாய்ந்து. பூட்டுக்குப் பக்கத்தில் அதே சுழி இன்னொன்று. அதே நீளம், அதே சாய்வு. மேலிருந்து எடுங்கள், சின்னச் சின்னதாக எடுங்கள் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஓரிடத்தில் கொஞ்சம் பெரிதாக எடுத்துவிட்டார், சுழியும் சேர்ந்து வந்துவிட்டது. மார்க்கு போடும் அவசரத்தில் அன்றைக்கு அது என் கண்ணில் படவில்லை. இப்போது அதைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. 

"இந்தக் கதவு எனக்குத் தெரியும்" என்றேன்.

பழைய கோப்பைத் தேடித் திறந்து, அவர் முதலில் அனுப்பிய படத்தையும் கடிதத்தையும் காட்டினேன். நான்கு ஓட்டைகள், கீறல்கள். அவள் குனிந்து பார்த்தாள்.

"அட, அவர் உங்க ஸ்டூடண்ட்டா? உலகம் எவ்வளவு சின்னது பாருங்க."

"விளையாடாத. உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழட்டியிருக்காங்க. கீறல் இருக்கு. அதை மறைச்சுட்டு உனக்குப் படம் அனுப்பியிருக்கான்."

"நாய்னு அவரே எழுதியிருக்காரே. வீட்டைக் காட்டறப்ப யார்தான் அழுக்கைக் காட்டுவாங்க? நம்ம வீட்டுக்கு ஆள் வந்தா நீங்க பத்திரிகைக் கட்டை எல்லாம் என் கட்டிலுக்குக் கீழ தள்ளுறதில்லையா?"

"அந்தம்மாவுக்கு மூச்சுத் திணறல்னு சொன்னியே. அந்த வீட்டுல நாய் இருக்குமா?"

"அவங்களுக்கு முடி, தூசி எதுவும் ஆகாதாம். எந்தப் பிராணியும் வளர்த்ததே இல்லைன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். பிறகு சட்டென்று கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "ஏன் அண்ணி, நான் ஒரு இடத்துல போய் நிம்மதியா இருந்தா உங்களுக்கு என்ன? எனக்கு ஒரு ரூம் கிடைச்சிருக்கு. அதுலயும் ஓட்டை கண்டுபிடிக்கணுமா?"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் என்ன சொன்னாலும் அது வெறும் குறையாகத்தான் அவள் காதில் விழும். என் வாயால் நானே சம்பாதித்துக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் அவள் போன் அடித்தது. அவர்தான், நாளைக்குக் கார் வரும் நேரத்தைச் சொல்ல. அவள் எடுப்பதற்குள் நான் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"நான் அவளோட அண்ணி பேசறேன். நீங்க எங்க பத்திரிகைக்கு ஒரு கதவுப் படம் அனுப்பினீங்க இல்ல?"

குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "மேடம், நீங்களா? எவ்வளவு பெரிய உதவி பண்ணினீங்க எனக்கு. உங்க வீட்டுப் பொண்ணுதானா இவங்க?"

"உங்க வீட்டுல நாயே கிடையாதாமே. அப்ப அந்தக் கீறல் ஏது?"

"எந்தக் கீறல் மேடம்? படத்துல கீறல் எதுவும் இல்லையே."

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. என்னிடமே கற்றுக்கொண்டு என்னிடமே கதை விடுகிறானே என்ற கோபம். "யார்கிட்ட சொல்றீங்க? பூட்டுக்குப் பக்கத்துல சுழி ஒண்ணு இருக்கு, மேல இருக்கிற அதே சுழி. ரெண்டும் ஒரே பக்கம் சாஞ்சிருக்கு. மரத்துல அப்படி வரவே வராது. நகல் எடுத்ததுன்னு குழந்தைகூடச் சொல்லும். ஜன்னல் வெளிச்சம் கதவோட கீழ்ப்பக்கம் விழுது, நீங்க பூசின இடம் மட்டும் மேல்பக்கம் மாதிரி மங்கலா இருக்கு. அந்த மங்கலை வச்சே ஓட்டை எங்க இருந்ததுன்னு நான் விரல் வச்சுக் காட்டுவேன்."

அந்தப் பக்கம் ஏதோ எழுதிக்கொள்வது போல ஒரு சரசரப்பு மட்டும் கேட்டது.

"சுழி, அப்புறம் வெளிச்சம்" என்றார் நிதானமாக. "வேற ஏதாவது தெரியுதா மேடம்?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என் நாத்தனார் கையை நீட்டிப் போனை அணைத்தாள்.

அவள் முகம் வெளுத்திருந்தது. நான் காட்டிய ஓட்டையை நம்பாதவள், கீறலை நம்பாதவள், அவன் மறுக்காமல் கேட்ட அந்த ஒரு கேள்வியில் நம்பிவிட்டாள். என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் இருந்த பழைய படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கீறல்கள் நான்கு நான்காக ஓடின. நாய் பிறாண்டினால் கதவின் அடியில் இருக்கும். இவை ஓர் ஆள் நின்றுகொண்டு கை வைக்கிற உயரத்தில் இருந்தன. ஒரு கீறல் முடிகிற இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி.

"அது மென்பொருளோட கோளாறு" என்றேன்.

"இல்ல அண்ணி" என்றாள். "இது நெயில் பாலிஷ்."

நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து விளக்கைப் போட்டபோதுதான் இருட்டியிருந்ததே தெரிந்தது.

மறுநாள் மூன்று பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அந்த நம்பர் அதற்குள் அணைந்துவிட்டது. முகவரி இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போலீஸ்காரர் ஒருவரை அனுப்பினார்கள். எந்தக் காரும் வரவில்லை. வரி விளம்பரத்துக்கு யாரோ நேரில் வந்து பணம் கட்டிவிட்டுப் போனதாக எங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான், இரண்டு படங்களையும் பொறுமையாகப் பார்த்தார். இளஞ்சிவப்புப் புள்ளியைக் காட்டினேன். அவர் மேசையில் எங்கள் பத்திரிகை கிடந்தது; நான்தான் ஆதாரத்துக்காக எடுத்துப் போயிருந்தேன். அதைப் புரட்டி என் பக்கத்தைப் படித்தார்.

"இது மென்பொருளோட குறைன்னு நீங்களே அச்சுல போட்டிருக்கீங்களேம்மா" என்றார்.

"அது என் தப்பு சார். இப்பத்தான் புரியுது."

"புரியுதும்மா. ஆனா நான் கோர்ட்டுல எதைக் காட்டுவேன்? ஒரு கதவு, கொஞ்சம் கீறல், அதை மறைச்ச ஒரு படம். எந்தப் பொண்ணையும் காணோம்னு இதோட சேர்ந்து ஒரு புகாரும் வரல. மெயிலை வச்சு விசாரிக்கச் சொல்றேன்." எழுதி வாங்கிக்கொண்டார். விசாரித்தார்களா என்று தெரியாது. போய்க் கேட்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பார்கள்.

வீட்டில் எங்கள் வாழ்க்கை பழையபடி ஆனது. உண்மையைச் சொன்னால், பழையதைவிட நன்றாக இருந்தது. என் கம்ப்யூட்டர் மேசையைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டோம், பத்திரிகைக் கட்டுகளைக் கடைக்கு அனுப்பினோம், அந்த அறையை அவளுக்கே கொடுத்துவிட்டோம். வீட்டுக்காரரே கதவுக்கு உள்பக்கம் ஒரு புதுத் தாழ்ப்பாள் போட்டார். பக்கத்துத் தெரு கிளினிக்கில் அவளுக்கு வேலையும் கிடைத்தது. குடும்பமே என்னைக் கொண்டாடியது. "அண்ணி கண்ணு எக்ஸ்ரே கண்ணு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது. நான் பிழைப்புக்குச் செய்கிற வேலை ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டது என்று நினைத்தால் யாருக்குத்தான் ஏறாது?

போன வாரம் அவள் கிளினிக்கிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மேசைக்கு வந்தாள். நர்சுகளின் போன் குழு ஒன்றில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருந்தது. வயதானவரைக் கவனிக்க ஆள் தேவை, வீட்டோடு தங்க வேண்டும், தனி அறை, கார் அனுப்பப்படும். நம்பர் வேறு. ஊரைவிட்டுத் தனியாக வந்து இருப்பவர்களுக்கு முன்னுரிமை என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. கீழே அறையின் படங்கள்.

"அதே கதவா அண்ணி?"

படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பெரிதாக்கினேன். மெருகு போட்ட பழுப்பு மரம். மேலே ஒரு சுழி. பூட்டுக்குப் பக்கத்தில் மரவரி மட்டும் நேராக ஓடியது. வெளிச்சம் கீழ்ப்பக்கம் எப்படி விழ வேண்டுமோ அப்படியே விழுந்திருந்தது. மூலைமூலையாக நகர்த்திப் பார்த்தேன். கண் வலித்தது.

"அதே கதவுன்னு எனக்குத் தெரியும்" என்றேன். "ஆனா காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல."

விளம்பரத்தில் இருந்த நம்பருக்கு என் போனிலிருந்தே அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"நர்ஸ் வேலை விஷயமா..." என்று ஆரம்பித்தேன்.

"ஆள் வந்தாச்சும்மா. நேத்துத்தான் ஒரு பொண்ணு வந்து சேர்ந்தாங்க." சட்டென்று குரலில் பழைய சந்தோஷம் திரும்பியது. "மேடம்தானே?"

நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"நீங்க சொன்ன ரெண்டையும் சரி பண்ணிட்டேன் மேடம்" என்றார். "இப்போ எப்படி இருக்கு?"